முழங்கால் முன்னால் இருந்தாலும் முதுகுப்பக்கம்தான்

சுறாவின் முதுகில் நிற்கும் துடுப்புக்கு டார்சல் துடுப்பு என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு டார்சல் என்றால் மேல்பக்கம் என்று மனதில் பதித்துக்கொண்டால், மீனுக்கும் மாட்டுக்கும் பல்லிக்கும் சரியாகத்தான் வரும், மனிதனிடம் வந்ததும் இடிக்கும். நாம் நிமிர்ந்து நிற்பதால் நம் டார்சல் பக்கம் பின்னால் போய்விட்டது, வயிற்றுப்பக்கமான வென்ட்ரல் முன்னால் வந்துவிட்டது. சரி, மனிதனுக்கு மட்டும் பின்பக்கம் என்று திருத்திக்கொள்ளலாமா என்றால், அதுவும் ரொம்ப தூரம் ஓடாது. பாதத்தின் மேல்பக்கமும் டார்சல், நாக்கின் மேல்பரப்பும் டார்சல்.

டார்சல் என்பது கரு உருவாகும்போதே முடிவாகிவிடும் முதுகுப்பக்கம். அப்புறம் அந்த உயிர் நின்றாலும் படுத்தாலும் அது மாறாது. மீன் மார்க்கெட்டில் திருக்கையையும் நாக்கு மீனையும் பாருங்கள், இரண்டுமே தட்டைதான். திருக்கை மேலிருந்து கீழாகத் தட்டையானது, அதன் மேல்பக்கம் அசல் முதுகு. நாக்கு மீனோ வாழ்நாள் முழுக்க ஒருக்களித்துக் கிடக்கிறது. குஞ்சாக இருக்கும்போது நேராக நீந்தி, பிறகு ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர்ந்து வந்துவிடும். நமக்கு மேலே தெரிவது அதன் விலாதான். முதுகு என்பது ஓரமாக ஓடும் அந்த நீளத் துடுப்பு வரிசை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் கால். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கு இரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க மருத்துவர் பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்து நாடி பார்ப்பாரே, அந்தத் தமனியின் பெயரிலேயே டார்சாலிஸ் இருக்கிறது. முன்னால் தெரியும் இடத்துக்கு முதுகின் பெயர் ஏன்? கருவில் கையும் காலும் சின்ன மொட்டுகளாக முளைக்கும்போது கட்டைவிரல், கால் பெருவிரல் இரண்டுமே தலைப்பக்கம் பார்த்திருக்கும். ஏறத்தாழ 6 முதல் 8-ஆவது வாரத்துக்குள் கை வெளிப்பக்கமாகவும் கால் உள்பக்கமாகவும் சுமார் 90 டிகிரி திரும்புகின்றன. அதனால்தான் முழங்கை பின்னால் பார்க்கிறது, முழங்கால் முன்னால் பார்க்கிறது. முழங்கையை நீட்டும் தசை கையின் பின்புறத்திலும், முழங்காலை நீட்டும் தசை தொடையின் முன்புறத்திலும் இருந்தாலும் இரண்டும் ஒரே டார்சல் தசைக் கூட்டத்திலிருந்து வந்தவை.

இதெல்லாம் உடற்கூறியல்காரர்கள் வசதிக்குச் சொல்லும் கதை என்று நினைத்தால், எல்எம்எக்ஸ்1பி என்ற மரபணுவைப் பாருங்கள். கால் கை மொட்டுகளில் 'இது டார்சல் பக்கம்' என்று செல்களுக்குச் சொல்வது அதுதான். அதில் பிழை இருப்பவர்களுக்கு நகங்கள் சரியாக வளராது, அதோடு முழங்கால் சில்லும் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும். நகத்துக்கும் சில்லுக்கும் என்ன உறவு? இரண்டும் டார்சல் பக்கத்துச் சரக்கு, அவ்வளவுதான். அந்த மரபணுவைத் தூண்டிவிடும் டபிள்யூஎன்டி7ஏ என்ற இன்னொரு மரபணு இல்லாத எலிகளுக்கு உள்ளங்காலில் இருக்கவேண்டிய மெத்தைகள் பாதத்தின் மேல்பக்கத்திலும் முளைத்துவிடுகின்றன.

மூளைக்கும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. தண்டுவடத்தில் டார்சல் என்றால் முதுகுப்பக்கம், பெருமூளையில் உச்சந்தலைப் பக்கம். கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய் முன்னோக்கி மடிவதால் வந்த வேறுபாடு இது.

இதைவிடப் பெரிய திருப்பம் இறாலிடம் இருக்கிறது. இறாலைச் சுத்தம் செய்யும்போது முதுகைக் கீறி உருவுகிறோமே கறுப்பாக, அது அதன் குடல். நரம்பு வடம் வயிற்றுப்பக்கம் ஓடுகிறது. நமக்கு அப்படியே நேர்மாறு. இறாலின் உறவான லாப்ஸ்டரை 1822-இல் ஆராய்ந்த பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயின்ட்-ஹிலேர், அதைக் கவிழ்த்துப் போட்டால் உள்ளுறுப்புகள் நம் வரிசையில் வந்துவிடுகின்றன என்றார். பலர் ஏற்கவில்லை. 1990-களில் மரபணு ஆய்வுகள் வந்தபிறகு அவர் பேச்சுக்கு மறுபடி மதிப்பு வந்தது. தவளைக் கருவில் முதுகுப்பக்கத்தை உருவாக்க உதவும் கார்டின் என்ற புரதத்தைப் பழ ஈயின் கருவில் வேலைசெய்ய வைத்தார்கள். அங்கே அது வயிற்றுப்பக்கத்தை, அதாவது ஈக்கு நரம்பு வடம் ஓடும் பக்கத்தை, வளர்த்தது.