கற்றல் விளைவா, கற்றற்பேறா?

"இளங்கலை அரசியல் அறிவியல் நிரலில் மாணவர் கற்றல் விளைவுகளை மதிப்பிடுதல்." இந்த வரியையும் இதன் பங்காளி வரிகளையும் பாடத்திட்டங்களிலும் தர மதிப்பீட்டுப் படிவங்களிலும் பயிலரங்கு அழைப்பிதழ்களிலும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. 'நிரல்' கணினிக்காரர்களின் சொல். அதை அப்புறம் கவனிப்போம். முதலில் 'விளைவு'.

'கற்றல் விளைவு' என்று இங்கே பெயர்க்கப்படும் லேர்னிங் அவுட்கம் என்பது என்ன? ஒரு படிப்பை முடித்த மாணவர் எதைச் செய்யத் தெரிந்தவராக வெளியே போக வேண்டும் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிவைக்கும் வாக்கியம். அவ்வளவுதான். 'இந்திய அரசியலமைப்பு பற்றிப் பாடம் நடத்தப்படும்' என்றால் அது ஆசிரியரின் வேலைத் திட்டம். 'அடிப்படை உரிமை சார்ந்த ஒரு தீர்ப்பைப் படித்து, அதன் வாதத்தைத் தம் சொற்களில் எடுத்துரைத்து, அதற்கு எதிர்வாதமும் எழுதுவார்' என்றால் அது மாணவர் கையில் சேர வேண்டியது. இரண்டாவதுதான் நம் பொருள்.

அவுட்கம் என்ற ஆங்கிலச் சொல் 'வெளியே வருதல்' என்று தொடங்கி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து வழக்கில் 'முடிவு' என்ற பொருளைப் பெற்று, பிறகு பொது ஆங்கிலத்தில் பரவியது. கல்வித் துறையில் அதற்கு இடம் கிடைத்தது மிகப் பிந்தி. 1949இல் ரால்ஃப் டைலர், 1956இல் பெஞ்சமின் புளூம், 1962இல் ராபர்ட் மேகர் என்று கல்வியியலாளர்கள் எல்லாரும் பேசியது 'நோக்கம்' பற்றி. நோக்கம் கற்பிப்பவருடையதாகவே நின்றுவிடுகிறது என்று தோன்றியபோது, கற்றவரின் பக்கத்திலிருந்து சொல்ல அவுட்கம் வந்தது. இந்த இடமாற்றம் முக்கியம். ஆசிரியர் என்ன நினைத்தார் என்பதிலிருந்து மாணவர் என்ன பெற்றார் என்பதற்கு நகர்ந்தது பேச்சு.

இப்போது 'விளைவு' இந்த வேலைக்குச் சரியா? எனக்கு ஒப்பவில்லை.

விளை என்பது தன்வினை. நெல் விளைகிறது, பகை விளைகிறது, தீமை விளைகிறது. யாரோ செய்ததன் பின்னால் தானாக உண்டாவது விளைவு. அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். பேச்சு வழக்கில் பெரும்பாலும் கெட்டது: பக்க விளைவு, பின்விளைவு, விபரீத விளைவு. 'விளைவுகளைச் சந்திக்க நேரிடும்' என்று ஒருவர் சொன்னால் யாரும் பட்டமளிப்பு விழாவை நினைப்பதில்லை. கற்றலின் விளைவு என்று கேட்டால் நேர்மையான பதில் என்னவாக இருக்கும்? தூக்கம், முதுகுவலி, சிலருக்கு அரசியல் மீதே வெறுப்பு. இவையும் விளைவுதானே? ஆனால் எந்தப் பாடத்திட்டமும் இவற்றை எழுதிவைக்காது. எதிர்பார்த்து, குறித்துவைத்து, வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கிற ஒன்றுக்கு, வருவது வரட்டும் என்கிற சொல்லைப் பெயராக வைத்திருக்கிறோம்.

இன்னொன்று உண்டு, அரசியல் படித்தவர்களை இதுதான் முதலில் உறுத்த வேண்டும். அவர்கள் துறையில் அவுட்கம் ஏற்கெனவே ஒரு கலைச்சொல். அரசியல் அறிவியலாளர் டேவிட் ஈஸ்டன் 1965இல் அரசியல் அமைப்பின் வெளியீட்டையும் விளைவையும் பிரித்துக் காட்டினார். அரசு இயற்றும் சட்டம், எடுக்கும் முடிவு, போடும் ஆணை எல்லாம் வெளியீடு. அதனால் சமூகத்தில் தொலைவு வரை பரவிப்போகும் மாற்றங்கள் விளைவு. குளத்தில் கல் விழுந்ததும் எழும் முதல் தெறிப்பு வெளியீடு; விரிந்து விரிந்து மறையும் வளையங்கள் விளைவு என்பது அவர் சொன்ன உவமை. அங்கே 'விளைவு' கச்சிதமாகப் பொருந்துகிறது. யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல், முழுதாக அளக்கவும் முடியாமல் போய்க்கொண்டே இருப்பதல்லவா அது?

கற்றல் தொடர்பான அவுட்கம் இதற்கு நேர்மாறு. அது கைக்கெட்டும் தூரத்தில், படிப்பு முடியும் நாளில், ஒரு கட்டுரையிலோ வாய்மொழித் தேர்விலோ காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பட்டம் பெற்றவர் பத்து ஆண்டு கழித்து நல்ல குடிமகனாக இருக்கிறாரா என்பது ஈஸ்டன் சொன்ன விளைவு. அதை எந்தத் துறையும் மதிப்பெண் போட்டு அளக்க முடியாது. ஆனால் 'கற்றல் விளைவு' என்று எழுதிய கை சும்மா இருப்பதில்லை. அடுத்த வரியிலேயே 'பொறுப்புள்ள குடிமக்களாக விளங்குவர்' என்று எழுதிவிடுகிறது. இதற்குச் சொல் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல் கதவைத் திறந்துவைக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்வியியலாளர் எலியட் ஐஸ்னர் 1967இலேயே, கற்றலில் கிடைப்பது எல்லாவற்றையும் முன்னதாகக் குறித்துவிட முடியாது என்று எழுதினார். வகுப்பு விவாதம் எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? உண்மைதான். அப்படி எதிர்பாராமல் கிடைப்பதற்கு 'விளைவு' என்றே பெயர் இருக்கட்டும். அதனால்தான் முன்கூட்டிக் குறித்துவைப்பதற்கு வேறு சொல் வேண்டும் என்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஐஸ்னரின் வாதத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

'கற்றல் வெளிப்பாடு' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவுட் என்றால் வெளியே, ஆகவே வெளிப்பாடு, கணக்கு முடிந்தது. உணர்ச்சிக்கும் கலைக்கும் உரிய சொல்லைக் கொண்டுவந்து தேர்வுத்தாளில் ஒட்டுகிறார்கள். கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் பற்றிப் பாடம் நடக்கும் வகுப்பில் 'இந்தப் பாடத்தின் வெளிப்பாடுகள்' என்றால் மாணவர் என்ன நினைப்பார்? இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சரி, என் சொல் 'கற்றற்பேறு'. நான் உருவாக்கியதில்லை, இலங்கையின் ஆசிரியர் வழிகாட்டிகளில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு என்று இது சாதாரணமாகப் புழங்குகிறது. பெறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பேறு ஆனது. கெடு கேடு ஆனது போல, சுடு சூடு ஆனது போல. இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர். பெறு செயப்படுபொருள் குன்றா வினை. பெறுபவர் ஒருவர் வேண்டும், பெறப்படும் பொருள் ஒன்றும் வேண்டும். அதாவது விளைவுக்கு உரிமையாளர் கற்றல். பேற்றுக்கு உரிமையாளர் மாணவர். ஆங்கிலத்தில் நோக்கத்தை விட்டுவிட்டு அவுட்கத்துக்கு வந்ததே இந்த உரிமை மாற்றத்துக்காகத்தான். ஆங்கிலச் சொல்லே சொல்லாததைத் தமிழ்ச் சொல் தன் உறுப்பிலேயே சொல்கிறது.

பேறு என்றதும் பிரசவம் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். மகப்பேறு என்பதில் குழந்தை 'மக'வில் இருக்கிறது, பேற்றில் இல்லை. 'அறிவறிந்த மக்கட்பேறு' என்ற குறளும் அப்படித்தான். அங்கே மக்களும் அறிவும் தனித்தனியே சொல்லப்பட, பேறு வெறும் பெறுதலாக நிற்கிறது. அதிர்ஷ்டம் என்ற சாயல் இருக்கிறதே என்று இன்னொரு கேள்வி. நற்பேறு, பெரும்பேறு என்பவற்றில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீடுபேறு அதிர்ஷ்டக் குலுக்கலில் கிடைப்பதில்லையே? பாடுபட்டுப் பெறுவதும் பேறுதான். 'பேறுகள்' என்ற பன்மை காதுக்குப் புதிது என்பது மட்டும் நியாயமான குறை. பத்து முறை எழுதினால் சரியாகிவிடும். 'விளைவுகள்' அப்படித்தான் சரியானது.

அடுத்த போட்டியாளர் 'அடைவு'. விளைவை விட எவ்வளவோ மேல். ஆனால் அதை இங்கே செலவழித்துவிட்டால் அப்புறம் திண்டாடுவோம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வியில் அடைவுத் தேர்வு, அடைவுத்திறன் என்று, எவ்வளவு எட்டினார்கள் என்பதற்கு அது நிலைத்துவிட்டது. கல்லூரிகளிலும் அந்த அளவைத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டச் சொல்கிறார்கள். எழுதிவைத்தது பேறு, அதை எட்டிய அளவு அடைவு. இரண்டு பொருள், இரண்டு சொல்.

மதிப்பிடுதலுக்கு வருவோம். இலங்கையில் அசெஸ்மென்ட் கணிப்பீடு, இவால்யுவேஷன் மதிப்பீடு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் மதிப்பீடுதான். கற்றற்பேற்றை இலங்கையிடமிருந்து வாங்கச் சொல்லும் நான் கணிப்பீட்டை வாங்கச் சொல்லமாட்டேன். அரசியல் துறையில் கணிப்பு என்றால் கருத்துக்கணிப்பு, தேர்தல் கணிப்பு. 'மாணவர் கணிப்பீடு' என்றால் மாணவர்கள் யாருக்கு வாக்களிப்பார்கள் என்று தேடுவதுபோல் இருக்கிறது. தவிர, அசெஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் 'பக்கத்தில் உட்கார்' என்று வேர். மாணவருக்குப் பக்கத்தில் அன்போடு உட்காருவதே அசெஸ்மென்ட் என்று பயிலரங்குகளில் உருகுகிறார்கள். உட்கார்ந்தது நீதிபதிக்குப் பக்கத்தில். உட்கார்ந்தவர் வேலை வரித்தொகையை நிர்ணயிப்பது. நாமும் வரி மதிப்பீடு, மதிப்பீட்டு ஆண்டு என்றுதான் சொல்கிறோம். மதிப்பீடு ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருக்கிறது. படிப்பு நடக்கும்போதே செய்வது வளரறி மதிப்பீடு, முடிவில் செய்வது தொகுத்தறி மதிப்பீடு என்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழங்கும் சொற்கள் எனக்குப் பிடித்தவை. யார் செய்தார்களோ, தமிழில் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பேறுகளை மதிப்பிடுவது மாணவருக்கு மதிப்பெண் போடுவது அல்ல. ஒரு தாளில் 72 எடுத்தவருக்கு எது வந்தது, எது வரவில்லை என்று அந்த எண் சொல்லாது. வருகைப் பதிவும் அழகான கையெழுத்தும் கூட அதற்குள் ஒளிந்திருக்கலாம். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைகளில் சிலவற்றை எடுத்து, வாதம், சான்று, மாற்றுக் கருத்தைக் கையாளும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் எந்த நிலை எப்படி இருக்கும் என்று முன்பே எழுதிவைத்த கட்டத்தை வைத்துக்கொண்டு, பாடம் எடுக்காத இரண்டு பேர் தனித்தனியே படித்துப் பார்ப்பது நேரடி வழி. இதில் தேர்வு எழுதுவது படிப்பும் துறையும்தான். 'உங்களுக்கு எவ்வளவு புரிந்தது?' என்று மாணவரையே கேட்கும் படிவம் மறைமுக வழி, துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீதுள்ள கோபத்தையும் தீர்த்துக்கொள்கிறேன். 'நிரல்' என்று அவர்கள் பெயர்க்கும் புரோகிராம் இங்கே பட்டப்படிப்பு. 'நிரலின் முடிவில்' என்று படிக்கும்போது, கணினிக் கட்டளை வரிகளில் தேடுவதுபோல், அரைப்புள்ளி ஏதும் விடுபட்டதா என்று தேடத் தோன்றுகிறது. 'மாணவர்கள் புரிதலை நிரூபிப்பர்' என்கிறார்கள். புரிதல் என்ன குற்றச்சாட்டா, நிரூபிக்க? 'விமர்சனரீதியாகப் பகுப்பாய்வு செய்வர்' என்பது திட்டித் தீர்ப்பர் என்பதுபோல் கேட்கிறது. 'குறைநிறை ஆராய்வர்' என்றால் போதும். எல்லாவற்றுக்கும் மேல், 'அறிந்துகொள்வர், உணர்ந்துகொள்வர், தெளிவு பெறுவர்' என்ற வினைகள். அறிந்தாரா என்று எதை வைத்துப் பார்ப்பது? மேகர் 1962இலேயே இத்தகைய வினைகளை வேண்டாம் என்றார். தமிழில் வினைக்கா பஞ்சம்? ஒப்பிடுவார், வகைப்படுத்துவார், மறுப்பார், சான்று காட்டுவார், வரைந்து காட்டுவார். 'தேர்தல் முறைகளைப் பற்றி அறிவர்' என்பதை அடித்துவிட்டு, 'தொகுதிக்கு ஒருவர் வெல்லும் முறையையும் விகிதாசார முறையையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் கட்சிகளின் எண்ணிக்கையை எப்படிப் பாதிக்கிறது என்று இரண்டு நாடுகளின் தேர்தல் முடிவுகளைக் கொண்டு வாதிடுவார்' என்று எழுதுங்கள். நீளம்தான். ஆனால் கட்டுரையைக் கையில் வாங்கியவுடன் அந்தப் பேறு கிட்டியதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.