ஆட்டம் போய்விட்டது என்கிறீர்களே, கண்ணைச் சோதித்தீர்களா?

"கை முன்போல் நிற்பதில்லை டாக்டர். வயதாகிவிட்டது, இனி மேசைப் பக்கம் போவதாக இல்லை." மேசையில் கோலால் பந்துகளை அடித்துக் குழிகளில் விழவைக்கும் ஆட்டம் பூல். ஐம்பதை நெருங்கும் பூல் ஆட்டக்காரர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, கண் மருத்துவரான எனக்குச் சலித்துவிட்டது. இந்த வாரம் வந்தவர், பந்தை அடிக்கும் கோலான கியூவையே விற்றுவிட்டு வந்திருந்தார். அவர் கையில் நடுக்கமே இல்லை. வலக் கண்ணில் கண்புரை தொடங்கியிருந்தது. முகத்தில் இருந்ததோ, மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் கண்ணாடி! விற்பதற்கு முன் ஒரு முறை கண்ணைக் காட்டியிருக்கக் கூடாதா?

வயதானால் உச்சத்தில் வெல்ல முடியாது என்பவர்களுக்குச் சில பெயர்கள். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் 2006இல் ரீனோவில் ஐ.பி.டி. (இன்டர்நேஷனல் பூல் டூர்) உலக ஓப்பனை வென்றபோது வயது 52. அவர் நாட்டுக்காரர் பிரான்சிஸ்கோ பஸ்டமாண்டே 2010இல் தோஹாவில் ஒன்பது பந்து உலகப் பட்டம் பெற்றது 46 வயதில். 2025இல் ஜெட்டாவில் அதே பட்டத்துக்கான இறுதியில் கார்லோ பியாடோ, தம்மைவிட மிக இளையவரான ஃபெடோர் கோர்ஸ்டை வென்றபோது வயது 41. ஸ்னூக்கரில் ரானி ஓசல்லிவன் 46 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். மார்க் வில்லியம்ஸ், பார்வைக் குறையோடு ஆடுவதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே, 50 வயதில் உலக இறுதிப் போட்டி வரை போனார்.

இத்தனைக்குப் பிறகும் பழி கையின் மேல்தான் விழுகிறது. அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் தொடக்க அடியான பிரேக்கைத் தவிர, பூலில் பெரிய பலம் தேவைப்படுவதே இல்லை. முழங்கைக்குக் கீழே ஓர் ஊசலாட்டம், அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் பழகிய அந்த அசைவு ஐம்பது வயதில் திடீரென்று மறந்துபோகாது. நீங்களே சோதித்துப் பாருங்கள். கை நடுங்கினால் பக்கத்துப் பந்தும் தவறும். இந்தப் பக்கமும் தவறும், அந்தப் பக்கமும் தவறும். கிட்டத்துப் பந்துகள் ஒழுங்காக விழுந்து, நீண்ட அடிகள் மட்டும் எப்போதும் ஒரே பக்கமாக விலகுகின்றனவா? முதலில் கண்ணைச் சந்தேகியுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: கையை அல்ல, கண்ணை.

வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். அதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு மாட்டும் கண்ணாடிதான் ஆட்டத்தைக் கெடுக்கிறது. கியூவின் மேல் மோவாய் படும்படி குனியும்போது முகம் கீழே, பார்வை மேலே. கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகவோ, அதற்கும் மேலேயோதான் பந்தைப் பார்க்கிறீர்கள். புரோகிரசிவ் கண்ணாடியின் ஓரங்கள் இயல்பாகவே மங்கலானவை. தெளிவைத் தேடிக் கழுத்தை நிமிர்த்துவீர்கள், நிற்கும் நிலை மாறும், கூடவே கழுத்து வலியும் வந்து சேரும்.

ஆட்டத்துக்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். ஒரே பவர், உயரமான லென்ஸ், புருவத்துக்கு மேல் ஏறி நிற்கும் பிரேம். 1985 உலக ஸ்னூக்கர் இறுதியில் டென்னிஸ் டெய்லர் அணிந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பட்டத்தை வென்றவர் அவர்தான். ஒன்பது அடி மேசையின் ஆடுதளம் 2.54 மீட்டர் நீளம். அடிக்க வேண்டிய பந்து தெளிவாகத் தெரியும்படி பவர் கேளுங்கள், கியூவின் நுனி சற்று மங்கினாலும் பரவாயில்லை. பரிசோதனை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மட்டும் அளவு கொடுக்காதீர்கள். எழுந்து, குனிந்து காட்டுங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது?

கண்புரை அறுவைக்கு முன், நீங்கள் ஆட்டக்காரர் என்பதைத் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பல தொலைவுகளுக்குமான மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால், மேசை விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறை வாசிப்புக்கு வசதி. ஆழம் கணிக்க வேண்டிய உங்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

கண் சரியானால் எல்லாம் திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. பல நாள் நீளும் தொடர்கள், இறுக்கமான நான்கு அங்குலப் பாக்கெட்டுகள் (பந்து விழும் குழிகள்), இருபது வயதுப் பிள்ளைகளின் அசாத்திய பிரேக். இவற்றை ஆண்டு முழுவதும் தாங்குவது கடினம். ஒரு நல்ல வாரத்தில் பட்டம் வெல்வது முடியாததல்ல.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்கள் அனைத்திலும் போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்டவை. ரத்த அழுத்தத்துக்கான அடினோலால் மட்டுமல்ல, கண் அழுத்தத்துக்கு நாங்கள் எழுதித் தரும் டைமோலால் சொட்டு மருந்தும் அதில் அடக்கம். போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். மாற்றுச் சொட்டுகள் இருக்கின்றன. மாற்ற முடியாதவர்கள் மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க வழியும் இருக்கிறது. ஆட்டத்துக்காக நீங்களாகவே சொட்டை நிறுத்திவிடாதீர்கள். கண் அழுத்தத்தால் போகும் பார்வையை எந்த அறுவையாலும் எங்களால் மீட்டுத் தர முடியாது.