தூக்கு – சொல் விளக்கம்

பாளையங்கோட்டைப் பக்கத்து டீக்கடையில் ‘தூக்கு’ என்றால் தூக்குவாளி. வீட்டுக்குத் தேநீர் வாங்க வருபவர் கையில் இருப்பதும், முன்பெல்லாம் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனதும் அதுதான். அதே கடையின் பெஞ்சில் கிடக்கும் செய்தித்தாளின் தலைப்பில் இச்சொல் வந்துவிட்டால் மட்டும் யாருக்கும் வாளி நினைவுக்கு வருவதில்லை. 2015 மே மாதத்தில் அப்படியொரு தலைப்பைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: “அண்ணாச்சி, தூக்குல போட்டுட்டாவளா, இல்ல இனிமேத்தான் போடுவாவளா?” கேள்வி எளியது, ஆனால் ‘தூக்கு’ என்ற ஒரே சொல்லில் தீர்ப்பையும் அதன் நிறைவேற்றத்தையும் நாம் எவ்வளவு கலந்து வைத்திருக்கிறோம் என்பது அதில் தெரிந்தது.

அவர் படித்தது உத்தரப் பிரதேசத்தின் அம்ரோகா மாவட்டத்து வழக்கு. 2008 ஏப்ரலில் பாவன்கேடி என்ற கிராமத்தில், பள்ளியில் பாடம் நடத்திவந்த ஒரு பெண், தம் காதலருடன் சேர்ந்து, மயக்கமருந்து கொடுத்துத் தந்தை, தாய், உடன்பிறந்தார் என்று தம் குடும்பத்தார் ஏழு பேரைக் கொன்றார். இறந்தவர்களுள் பத்து மாதக் குழந்தையும் ஒன்று. 2010இல் அமர்வு நீதிமன்றம் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2015 மே 15 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. பெரியவரின் கேள்வி எழுந்தது அதற்குப் பிறகு.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘தூங்கு’ என்பது தன்வினை. ‘தூக்கு’ அதன் பிறவினை. நீங்கு – நீக்கு, அடங்கு – அடக்கு என்பவை போன்ற இணை இது. தூங்குதல் என்றால் பழந்தமிழில் தொங்குதல். உறங்குதல் என்ற பொருள் பின்னால் வந்து முன்னதை ஏறக்குறைய விழுங்கிவிட்டது. ஆனால் முழுதும் விழுங்கவில்லை. புறநானூறு சோழனின் முன்னோரைப் பாடும்போது ‘தூங்கெயில் எறிந்த’ என்கிறது. வானில் தொங்கிய மதிலை அழித்த என்பது அதன் பொருள். அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். நம் பனைகளில் ஓலை நுனியில் கூடு கட்டும் தூக்கணாங்குருவி உறங்குகிற குருவியன்று. அதன் கூடு காற்றில் தொங்குகிறது, அதனால் அந்தப் பெயர்.

தொங்கவிடுதல் என்ற இந்தப் பொருளிலிருந்துதான் நிறுத்தல், எடைபார்த்தல் என்ற பொருளும் பிறந்தது. தராசைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டால்தானே எடை தெரியும்? எடைக்கும் ஒரு காலத்தில் ‘தூக்கு’ என்று பெயர் இருந்தது. அங்கிருந்து சொல் மனத்துக்குள் நுழைந்து ஆராய்தல் என்று பொருள்பட்டது. ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்’ (குறள் 471) என்னும்போது தூக்குவது எதையும் மேலே எடுப்பதன்று, எடைபோட்டுப் பார்ப்பது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ (118) என்பதும் அதுவே. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளில் ஒன்றாகத் ‘தூக்கு’ என்பதையும் எண்ணுகிறது. அது தனிக் கதை, இங்கு வேண்டாம்.

ஆக, நீதிபதி செய்யவேண்டிய வேலைக்கும் தூக்குமேடையில் நடக்கும் செயலுக்கும் தமிழில் வேர் ஒன்றாகவே அமைந்திருக்கிறது. இது தற்செயல்தான். என்றாலும் இந்தியச் சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டும், முதலில் எடைபோடல், பிறகு தூக்கு என்று இதே வரிசையில்தான் செல்கிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குக்கே மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தமக்குத் தங்க இடம் கொடுத்த உறவினர் வீட்டிலேயே மூவரைக் கொன்றவர் அவர். 1983இல் மச்சி சிங் வழக்கு. பகைபட்ட குடும்பத்தையும் அதன் உறவினரையும் குறிவைத்துப் பஞ்சாபில் பதினேழு பேரைக் கொன்ற வழக்கு அது. அதில் நீதிமன்றம், குற்றத்தைக் கடுமையாக்கும் சூழல்களையும் தணிக்கும் சூழல்களையும் வரவு செலவுக் கணக்குப் போல எதிரெதிரே எழுதிப் பார்க்கவேண்டும் என்றது. சீர்தூக்குதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை கிடையாது.

தட்டு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்வதில்லை. அரியானாவின் ஹிசார் அருகே 2001இல் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் உட்பட எட்டுப் பேரை, சொத்துக்காக, அவருடைய மகளும் மருமகனும் கொன்றார்கள். கீழ்நீதிமன்றம் தூக்கு என்றது. உயர் நீதிமன்றம் ஆயுள் என்றது. 2007இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தூக்கு என்றது. 2014 ஜனவரியில், கருணை மனுவை முடிவுசெய்ய ஆன நீண்ட தாமதத்தைக் காட்டி, அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. கருணை மனு நிராகரிக்கப்பட்ட செய்தி கைதிக்குக் கிடைத்த நாளுக்கும் தூக்கிலிடும் நாளுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்கவேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் சொல்லப்பட்டதே.

திருநெல்வேலிச் சீமையில் இச்சொல்லுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், புளியமரத்தில், கட்டபொம்மனைக் கும்பினியார் தூக்கிலிட்டார்கள். ‘தூக்குமரம்’ என்ற சொல் எங்களுக்கு அகராதிச் சொல்லாக இல்லாமல் ஊர்ச்சொல்லாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். தானே கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டவரை நம் மக்கள் ‘தூக்கில் போட்டுக்கொண்டான்’ என்பதைவிட ‘நாண்டுக்கிட்டான்’ என்றே சொல்வார்கள். நாண் என்றால் கயிறு. ‘தூக்கு’ என்ற சொல்லில் எப்போதும் தூக்குகிற இன்னொரு கை இருக்கிறது. பிறவினை என்பதை இலக்கணம் படிக்காதவர்களும் சரியாகவே கையாள்கிறார்கள்.

சரியான தமிழ் எது? ‘மரண தண்டனை’, ‘தூக்குத் தண்டனை’ இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறோம். முன்னது தண்டனையின் பெயர். பின்னது அதை நிறைவேற்றும் முறையின் பெயர். 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354(5) பிரிவு, இறக்கும்வரை கழுத்தில் தூக்கிலிடவேண்டும் என்றது. படைச் சட்டங்களோ சுட்டுக் கொல்வதையும் ஏற்கின்றன. ‘மரணம்’, ‘தண்டனை’ இரண்டும் வடசொற்கள். தனித்தமிழில் ‘சாவொறுப்பு’ என்பார்கள். ஒறுத்தல் என்றால் தண்டித்தல். ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ (550) என்று குறளே கொலைத் தண்டனைக்கு இவ்வினையை ஆள்கிறது. சொல் செம்மையானது; ஆனால் தாமிரபரணிப் பாசனத்தில் களை பறிப்பவரிடம் ‘சாவொறுப்பு’ என்றால் புரியாது, ‘தூக்கு’ என்றால் புரியும். கட்டுரைக்கு முன்னது, பேச்சுக்குப் பின்னது என்று வைத்துக்கொள்ளலாம். தண்டனையை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணையை, ‘பிளாக் வாரண்ட்’ என்று செய்தியாளர்கள் எழுதுவதை மட்டும், ‘தூக்காணை’ என்று எழுதினால் என்ன? கைது வாரண்ட் பிடியாணை ஆகிவிட்ட பிறகு இதற்குத் தயக்கம் தேவையில்லை.

பெரியவருக்கு விடை அந்தத் தாளாலேயே எளிதாகியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஆறே நாளில், மறுசீராய்வுக்கும் கருணை மனுவுக்கும் இடம் தராமல், மே 21 அன்று அமர்வு நீதிமன்றம் தூக்காணை பிறப்பித்தது. மே 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. “இல்ல அண்ணாச்சி, தூக்கு அப்படியேதான் இருக்கு. போடச் சொன்ன தாளைத்தான் கிழிச்சிருக்காவ,” என்றேன்.