30 கிராம் பிஸ்கட்டுக்குள் 66 கிராம் கார்ப்

போன புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போன நேரத்தில் என் உணவு ஆலோசனை அறைக்கு ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். வயது 19, இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல் வாசம். ஒன்பது வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் போடுவதிலோ கார்ப் (கார்போஹைட்ரேட்) கணக்குப் பார்ப்பதிலோ அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு முந்தின நாள் கல்லூரி லேபில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சுகர் 48-க்கு இறங்கியிருக்கிறது. நல்லவேளை, பக்கத்தில் இருந்த நண்பனுக்கு விஷயம் தெரியும். பையில் இருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்திருக்கிறான்.

"என்னப்பா சாப்பிட்டே?"

"நாலு பிஸ்கட் மேம். ஸ்கேன் பண்ணித்தான் சாப்பிட்டேன்."

ஸ்கேன் பண்ணித்தான். பாக்கெட்டில் இருக்கும் பார்கோடைப் போன் செயலியில் காட்டினால் சத்துக் கணக்கு வந்து நிற்குமே, அதைச் சொல்கிறான். இந்த மாதத்தில் இதைக் கேட்பது எனக்கு மூன்றாவது தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பாக்கெட்டை வாங்கிப் பின்பக்கம் பார்த்தேன். கேழ்வரகு பிஸ்கட். 100 கிராமுக்கு 472 கிலோ கலோரி, கார்போஹைட்ரேட் 66 கிராம், புரதம் 7, கொழுப்பு 20. ஒரு தடவைக்கு (சர்விங்) நாலு பிஸ்கட், 30 கிராம் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. ஆக, நாலு பிஸ்கட்டில் சுமார் 20 கிராம் கார்ப். அவனுடைய டாக்டர் கொடுத்த கணக்கு 12 கிராம் கார்ப்புக்கு ஒரு யூனிட் இன்சுலின். (அது அவனுக்கான கணக்கு. இதைப் படித்துவிட்டு நீங்கள் போட்டுக்கொள்ளாதீர்கள்.) இரண்டு யூனிட்கூட வேண்டியிருக்காது. செயலியில் வந்ததோ "1 சர்விங், கார்ப் 66 கிராம்". வகுத்துப் பார்த்தால் ஐந்தரை. அவனுடைய இன்சுலின் பென்னில் அரை யூனிட் கிடையாது என்பதால் 5 போட்டிருக்கிறான், சுகர் இறங்கிவிட்டது. 6 போடாமல் விட்டானே!

"தம்பி, நாலு பிஸ்கட் எடை எவ்வளவு?"

"30 கிராம்."

"30 கிராம் பிஸ்கட்டுக்குள்ளே 66 கிராம் கார்ப் எப்படிப்பா இருக்கும்?"

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்குள்ளேயே கலோரியும் புரதமும் எழுதி வைத்திருப்பதாகவும், போன் கேமரா அதை அப்படியே படித்துச் சொல்வதாகவும் நம்புகிறார்கள். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், கேமரா உணவையே பரிசோதிப்பதாக நினைக்கிறார்கள். ஒரு அம்மா ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்கேன் பண்ணியதாகச் சொன்னார்கள். மூடியிருந்தால் சரியாகத் தெரியாதாம்.

தயவுசெய்து கேளுங்கள். பார்கோடில் இருப்பது வெறும் எண். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 13 இலக்கம். 890 என்று தொடங்கினால் அந்த நிறுவனம் பார்கோடு எண் கொடுக்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிந்து எண் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். பொருள் இந்தியாவில்தான் தயாரானது என்றுகூட அதற்கு அர்த்தம் கிடையாது. அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்துக்கும் பொருளுக்கும் உரியவை. கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு எண். முந்தைய 12 இலக்கங்களும் பிசகாமல் படிக்கப்பட்டனவா என்று பார்க்க. அவ்வளவுதான். கலோரி கிடையாது, சர்க்கரை கிடையாது, உப்பு கிடையாது. 1974-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர் சூப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாக ஒரு சூயிங்கம் பாக்கெட்டை இப்படி ஸ்கேன் செய்தார்கள். எதற்கு? பில் போட. இன்றைக்கும் அது பில் போடுவதற்கான எண்தான். ஷாம்பூவிலும் இருக்கிறது, கொசுவத்திச் சுருளிலும் இருக்கிறது. ரேஷன் கார்டு எண்ணைப் பார்த்து உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று யாராவது சொல்ல முடியுமா?

போன் "பீப்" என்று சத்தம் போட்டால் எண்ணைச் சரியாகப் படித்துவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் செயலி அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடுகிறது. அந்தப் பட்டியலில் யார் எழுதினார்கள் என்பதுதான் கேள்வி. பல செயலிகளில் எழுதியது உங்களைப் போன்ற இன்னொரு பயனர். ஏதோ ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், பாக்கெட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர். 2012-ல் பிரான்சில் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் பெரும்பாலும் தன்னார்வலர்கள் சேர்த்த உணவுப் பொருள் விவரக் களஞ்சியம். அதை நான் குறை சொல்லவில்லை, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கே யார் சேர்த்தார்கள், எப்போது சேர்த்தார்கள் என்று பார்க்கலாம், பாக்கெட்டின் படமும் பெரும்பாலும் இருக்கும். பல செயலிகளில் அதுவும் கிடையாது, எண் மட்டும் வந்து நிற்கும்.

அந்தப் பையன் மாட்டிக்கொண்ட தவறுதான் நான் அதிகம் பார்ப்பது. அமெரிக்க லேபிளில் சத்துக் கணக்கு ஒரு சர்விங்குக்கு. பல செயலிகளின் படிவமும் அந்த வழக்கத்தை ஒட்டியே வந்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிப்படி நம் பாக்கெட்டுகளில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் 100 கிராம் கணக்கு. பக்கத்திலேயே ஒரு சர்விங் நம் அன்றாடத் தேவையில் எத்தனை சதவீதம் என்று இன்னொரு பத்தி. கையில் அகப்பட்ட பத்தியை எடுத்து "1 சர்விங்" என்ற கட்டத்துக்குள் யாரோ போட்டுவிடுகிறார்கள். அதுபோக, ஐரோப்பிய லேபிளில் உப்பு என்று போட்டிருப்பதைச் சோடியம் கட்டத்தில் எழுதுகிறவர்கள் உண்டு. உப்பு சோடியத்தைப் போல இரண்டரை மடங்கு. ரத்த அழுத்தக்காரர்கள் பாவம், வேண்டாத பயம் பயப்படுவார்கள்.

இந்த மாதத்தின் முதல் ஆள் எடை குறைக்க வந்த ஒரு பெண். சேமியா பாக்கெட்டை ஸ்கேன் பண்ணினார், பதிவும் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு வேகாத சேமியாவுக்கு. இவர் 200 கிராம் உப்புமாவைத் தராசில் வைத்து, 700 கலோரி என்று வந்ததைப் பார்த்து, ராத்திரி பட்டினி. வெந்தது தண்ணீர் குடித்து எடை கூடியிருக்கிறது, அம்மா! அரிசியும் அப்படித்தான். 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி, 100 கிராம் சாதம் சுமார் 130.

இரண்டாமவரைப் பற்றி எழுதும்போதே கோபம் வருகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட அறுபத்தைந்து வயதுக்காரர். உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று மகள் அக்கறையோடு சோடியம் குறைந்த உப்பு வாங்கி வந்து, ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்கிறார். சோடியம் குறைவு. பொட்டாசியம் 0. சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் பொட்டாசியம் 6.1, ஆபத்தான அளவு. அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்ததே பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்துத்தான். பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் இந்த மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதுகூட, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது.

செயலியில் 0 எப்படி வந்தது? நம் நாட்டு லேபிளில் பொட்டாசியம் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாஸ்பரஸுக்கும் இல்லை. லேபிளில் இல்லாததை யாரும் தட்டச்சு செய்யவில்லை. காலிக் கட்டத்தைச் செயலி 0 என்று காட்டிவிட்டது. வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால் செயலியில் பொட்டாசியம், பாஸ்பரஸ் வரிகளைப் பார்க்கவே பார்க்காதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

சரி, ஸ்கேன் பண்ணவே கூடாதா? பண்ணுங்கள். ஒரு பொருளை முதல் தடவை ஸ்கேன் பண்ணும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்து மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: சர்விங் எடை, கலோரி, கார்ப். பொருந்தினால் உங்கள் பட்டியலில் சேமித்துக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் நீங்களே புதிதாகப் பதியுங்கள். அரை நிமிட வேலை. பாக்கெட் வடிவமைப்போ எடையோ மாறினால் மறுபடி பாருங்கள். செய்முறையைக் கொஞ்சம் மாற்றியும் பழைய எண்ணிலேயே விற்பது நடக்கிறது.

பாக்கெட் கையில் இல்லையா? புரதத்தையும் கார்ப்பையும் நாலால் பெருக்குங்கள், கொழுப்பை ஒன்பதால். கூட்டினால் கலோரிக்குப் பக்கத்தில் வரவேண்டும். நார்ச்சத்து அதிகமுள்ள பொருளில் கொஞ்சம் தள்ளி நிற்கும், பரவாயில்லை. ஆனால் இந்தக் கணக்கு பையனின் பிஸ்கட்டைப் பிடித்திருக்காது. 28-ம் 264-ம் 180-ம் சேர்ந்து மிகச் சரியாக 472. எண்கள் சரி, எடைதான் தப்பு. அதற்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது: 30 கிராம் சுத்த எண்ணெயே 270 கலோரிதான், பிஸ்கட் எப்படி 472 கொடுக்கும்?

இன்சுலின் போடுகிறவர்கள் செயலி சொன்ன கார்ப்பை மட்டும் நம்பி ஊசியை எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வெளியூரில் இருந்துகொண்டு அப்பா அம்மா போனில் செயலி ஏற்றிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: அவர்கள் வாரா வாரம் வாங்கும் பத்துப் பொருளை நீங்களே ஒரு தடவை சரிபார்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். பொடி எழுத்து அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. சாயங்காலம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதை விட்டுவிட்டு புரோட்டீன் பாருக்கு மாறிவிட்டார். ஏன் என்று கேட்டால், "சுண்டலை ஸ்கேன் பண்ண முடியலையே மேடம்" என்கிறார். நான் என்ன சொல்ல! இட்லி, தோசை, கீரை, பயறு எதற்கும் கோடு கிடையாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் கணக்கு இருக்கிறது. கொண்டைக்கடலையும் அதில் உண்டு.

அந்தப் பையன் என் எதிரிலேயே பிஸ்கட் பதிவைத் திருத்தி அனுப்பினான். நன்றி, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. இன்று காலை காலி பாக்கெட்டை எடுத்து நானே ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். பீப். 1 சர்விங், 66 கிராம்.