பாதி முகம் மட்டும் ஏன் சிரித்தது?

‘ஜஸ்டின் பீபருக்கு முகவாதம் வந்ததே, அது ஏன் ஒரு பக்கம் மட்டும்? 28 வயதில் இதெல்லாம் வருமா?’ என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். ‘ஆடிய ஆட்டத்துக்குத் தண்டனை என்கிறார் என் அத்தை’ என்று கீழே ஒரு வரி. அத்தைக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

1994-ல் கனடாவில் பிறந்த பாப் பாடகர் பீபரின் முகம், மீசை அரும்பும் முன்பே ஊர்ப்பொதுச் சொத்தாகிவிட்டது. அம்மா யூடியூபில் ஏற்றிய வீடியோக்களில் தொடங்கியது. 2010-ல் ‘பேபி’ பாட்டு வந்தபோது உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. காதல், பிரிவு, சண்டை எல்லாம் படமாக வந்தன. 2014-ல் மயாமி பீச்சில் கைதானபோது போலீஸ் எடுத்த படத்தில்கூடப் பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பு 2022 ஜூனில் பாதியாகிவிட்டது. கச்சேரிகளைத் தள்ளிவைத்துவிட்டு, அவரே செல்போனைப் பிடித்துக் காட்டினார்: ஒரு கண் இமைக்கவில்லை, ஒரு மூக்குத் துவாரம் அசையவில்லை, வாய் ஒரு பக்கம்தான் விரிந்தது. நோயின் பெயர் ராம்சே ஹன்ட் சிண்ட்ரோம். 1907-ல் இதை விவரித்த அமெரிக்க நரம்பியல் மருத்துவரின் பெயர் அது.

காரணம், சின்னம்மை வைரஸ். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நாம் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். வைரஸ் அப்படி நினைப்பதில்லை. தோலில் முடியும் உணர்வு நரம்புகளைப் பிடித்து ஏறி, அவற்றின் உயிரணுக்கள் கூடியிருக்கும் முடிச்சுகளுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. பல பத்தாண்டுகள் சத்தமே இல்லை. நோயெதிர்ப்பு அணுக்களின் காவல் தளரும்போது விழித்து, அதே நரம்பு வழியாகத் தோலுக்குத் திரும்புகிறது. அதுதான் அக்கி. வயதானவர்களுக்கு அதிகம் வரும், இளைஞர்களுக்கு வரவே வராது என்றில்லை.

அக்கி, பழைய அம்மையின் மறுவருகை என்ற கருத்தை வலுவான ஆதாரத்தோடு நிறுவியவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவர். தன் நோயாளிகளில் யாருக்கு எப்போது அக்கி வந்தது என்று 16 ஆண்டுகள் பதிவேட்டில் குறித்து, 1965-ல் வெளியிட்டார். இன்றைக்கு இப்படி ஒரு திட்டத்தை நம் நிதிக்குழுக்களிடம் கொண்டுபோனால், ‘மூன்று வருடத்தில் என்ன காட்டுவீர்கள்?’ என்று கேட்டே அனுப்பிவிடுவார்கள். பொறுமையாகக் கவனிப்பதற்குப் பணம் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

சரி, அக்கி முதுகிலோ விலாவிலோ வந்தால் கொப்புளமும் எரிச்சலும். பீபருக்கு வந்ததுபோலக் காதருகே வந்தால் மட்டும் முகம் ஏன் விழுகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

முகத்தசைகளை இயக்கும் நரம்புகள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைகள் ஏழாயிரம் போல. மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்பும் இந்த நரம்பு, நேராகக் கன்னத்துக்கு வராமல், காதைத் தாங்கும் பொட்டெலும்புக்குள் நுழைந்து, ஒரு எலும்புக் குழாய் வழியே வளைந்து வளைந்து சுமார் 3 சென்டிமீட்டர் போகிறது. குழாயின் மிகக் குறுகிய இடம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் குறுகலைத் தாண்டிய முதல் வளைவில்தான் நாக்குச் சுவைக்கும் காதுத்தோலுக்கும் உரிய உணர்வணுக்களின் முடிச்சு இருக்கிறது. வைரஸ் பதுங்கியிருப்பது அதற்குள்ளே.

அது விழித்தால் முடிச்சு அழற்சி கண்டு வீங்கும். விலாவில் நரம்பு வீங்கினால் சுற்றிலும் சதை, இடம் கொடுக்கும். இங்கே எலும்பு. மோதிரம் போட்ட விரல் வீங்கினால் என்ன ஆகும்? அதே கதைதான். வீக்கம் உள்நோக்கி நெரிக்கிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, வைரஸோடு எந்தத் தகராறும் இல்லாத, தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைகளும் சேர்ந்து செயலிழக்கின்றன. மறுபக்க நரம்புக்குத் தனி எலும்பு, தனிக் குழாய். அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பாதி முகம்.

இதைப் பக்கவாதத்திலிருந்து பிரித்துக் காட்ட ஓர் அழகான தடயம் உண்டு: நெற்றி. கீழ்முகத்துக்கு எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டுமே கட்டளை வருகிறது. நெற்றிக்கு மூளையின் இரு பக்கமும் கட்டளை அனுப்புகின்றன. மூளையில் ஒரு பக்கம் அடைப்பு வந்தால் வாய் கோணும், ஆனால் பெரும்பாலும் இரு புருவமும் உயரும். நரம்பே நெரிபட்டால் நெற்றிச் சுருக்கமும் போய்விடும். (இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள். திடீரென வாய் கோணினால், எதுவானாலும், உடனே மருத்துவமனை.)

இன்னொன்று. உடலின் மிகச் சிறிய எலும்பு நடுக்காதில் இருக்கிறது. உரத்த ஒலி வரும்போது அதை இழுத்துப் பிடித்து அடக்கும் குட்டித் தசையும் இதே நரம்பின் கையில். அது தளர்ந்தால் சாதாரணச் சத்தமும் காதை அறையும். பக்கத்திலேயே ஓடும் செவி நரம்பும் பாதிக்கப்பட்டால் கேட்கும் திறன் குறையும், தலை சுற்றும். உதடு குவியாததால் ப, ம எல்லாம் காற்றாய்க் கசியும். பாடகருக்கு இதைவிட மோசமான முகவரியில் ஒரு வைரஸ் குடியிருக்க முடியாது.

தண்டனை விஷயத்துக்கு வருவோம். பீபரின் வீடியோ வந்ததும் கொரோனா தடுப்பூசி, சாபம், போதை என்று ஆளுக்கொரு காரணம் கிளம்பியது. நம்மூரில் ‘காத்து கருப்பு’. பத்து வருடம் கேமராக்கள் துரத்திய மனிதரின் அந்தரங்கத்தில் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒரே விஷயம் சிறுவயதில் தொற்றிய ஒரு வைரஸ்தான்; அதற்கு ஒழுக்கமும் தெரியாது, ரசிகர் எண்ணிக்கையும் தெரியாது. பத்தியம் காத்த பாட்டிக்கும் வருகிறது.

இங்கே காலம் முக்கியம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் முதல் மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். 1997-ல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வில், அப்படித் தொடங்கியவர்களில் நான்கில் மூன்று பேர் முழுதாகத் தேறினார்கள். ஒரு வாரம் தாண்டித் தொடங்கியவர்களில் பத்தில் மூன்று பேர்தான். அறுந்த இழைகள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், வழி தவறியும் போகும்: எச்சில் சுரப்பிக்குப் போகவேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பியில் போய் ஒட்டி, சாப்பிடும்போதெல்லாம் கண்ணீர் வழிகிறவர்கள் உண்டு. 2022 ஜூலை இறுதியில் மீண்டும் மேடையேறிய பீபர், செப்டம்பரில் சுற்றுப்பயணத்தை நிறுத்தினார். அக்டோபரில் தில்லியில் நடக்கவிருந்த கச்சேரியும் அதோடு போனது. 2023 மார்ச்சில்தான் இரு பக்கமும் அசையும் சிரிப்பை வீடியோவில் காட்டினார்.

சின்னம்மைத் தடுப்பூசி 1970-களிலேயே ஜப்பானில் மிச்சியாகி தகாஹாஷி உருவாக்கியது. நம் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். 50 வயது தாண்டியவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023-ல் இந்தியாவுக்கு வந்தது, அதன் விலையைக் கேட்டால் பலரும் எழுந்து போய்விடுவார்கள்.

அக்கிக்குக் காவி குழைத்துச் சிங்கமும் நாயும் எழுதும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. முதுகில் எழுதிக்கொண்டால் குளிர்ச்சியாக இருக்கலாம், கொப்புளம் தானாகவே காயும், பெயர் சிங்கத்துக்குப் போகும். ஆனால் காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளம் வந்து, வலியும் இருந்து, வாய் லேசாகக் கோணினால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிங்கம் வரைபவரிடம் அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.