நூலகத்தை ஒட்டி வீடற்றோர் காப்பகம்: எதிர்ப்பு மனுவில் கையெழுத்திடுவதற்கு முன்

"காப்பகம் தேவைதான், ஆனால் எங்கள் பகுதியில் வேண்டாம்" என்ற மனு, நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களில் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்குப் புதிதல்ல. பள்ளியின் பெயராலும் கோயிலின் பெயராலும் வந்துகொண்டிருந்த அந்த மனு, இம்முறை கிளை நூலகத்தின் பெயரால் வந்திருக்கிறது. நூலகச் சுற்றுச்சுவரை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடத்தைச் சீரமைத்து ஆண்களுக்கான காப்பகமாக்க வேண்டும் என்பது திட்டம். குடியிருப்போர் நலச் சங்கம் எதிர்க்கிறது; வாசகர் வட்டத்தில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள், மீதிப் பேர் ஆதரிக்கிறார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம், எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுக்கலாம் என்று கவுன்சிலர் முன்னிலையில் நடந்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு அங்கே பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி நியாயமானதல்ல.

திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: காப்பகம் திறந்தால் எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் இங்கே வந்து குவிந்துவிடுவார்கள். இது தவறு என்று எத்தனை ஊர்களில் எத்தனை பேருக்கு விளக்கினாலும் அடுத்த கூட்டத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. காப்பகத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இரவு நேரக் களக் கணக்கெடுப்பு நடத்துகிறோம். யார் எங்கே படுக்கிறார்கள் என்று தெருத் தெருவாகப் பார்த்த பிறகுதான் கட்டடம் தேடுகிறோம். பேருந்து நிலையம், ரயில் நிலையம், மொத்தச் சந்தை போன்ற, வீடற்றோர் ஏற்கெனவே கூடியிருக்கும் இடங்களுக்கு அருகிலேயே காப்பகம் அமைய வேண்டும் என்றுதான் ஒன்றிய அரசின் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆட்கள் முதலில் இருக்கிறார்கள், காப்பகம் பிறகு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பேசுவதால்தான் இத்தனை சச்சரவும்.

நம்பாதவர்கள் இரவு பத்து மணிக்குப் பிறகு அதே நூலகச் சுவரோரம் ஒருமுறை நடந்து பாருங்கள். உரச்சாக்கை விரித்து, அடையாள அட்டையையும் அன்றைய கூலியையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு படுத்திருப்பவர்கள் யாரும் காப்பகத்தைக் கேள்விப்பட்டு வந்தவர்கள் அல்லர். செருப்பைத் தலைக்கு அடியில் வைத்திருப்பது காலையில் அது காணாமல் போயிருக்கக் கூடாது என்பதற்காக. சந்தையில் மூட்டை தூக்குபவர், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுபவர், மகனோடு மனத்தாங்கலாகி வீட்டைவிட்டு வந்த முதியவர் என்று அங்கே இருப்பவர்களில் பலர் உங்கள் வார்டிலேயே வருடக்கணக்காக உழைப்பவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் வீடற்றோர் சுமார் 17.7 இலட்சம் பேர் என்றது. ஒரு இலட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2010-இல். ஒவ்வொரு காப்பகமும் "இங்கே வேண்டாம்" என்பதில் சிக்கினால் அந்த உத்தரவை எந்த மாநகராட்சியாலும் நிறைவேற்ற முடியாது.

ஊருக்கு வெளியே கட்டலாமே என்பவர்களுக்கு: சந்தைக்கு லாரி வருவது விடியற்காலை மூன்று மணிக்கு, அந்நேரத்தில் புறநகரிலிருந்து பேருந்து கிடையாது. தொலைவில் கட்டிய காப்பகம் காலியாகக் கிடக்கும். பிறகு அந்தக் காலிப் படுக்கைகளையே காட்டி "கூப்பிட்டாலும் இவர்கள் வருவதில்லை" என்று எழுதுவார்கள்.

மாணவிகளைப் பற்றிய அச்சத்தை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். போட்டித் தேர்வுக்குப் படித்துவிட்டு இருட்டிய பின் வெளியே வரும் பெண்ணுக்குத் தெருவில் வெளிச்சமும் பாதுகாப்பும் வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள். நூலக வாசல் இல்லாத மறுபுறத்தில் காப்பகத்துக்குத் தனி வாயில், தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா, தங்குபவர் பதிவேடு, இரவில் பொறுப்பாளர், புகார் சொல்ல வெளிச்சுவரில் ஒரு கைப்பேசி எண் ஆகியவற்றை எழுத்துமூலம் உறுதி செய்த பின்னரே பணியைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் யாரும் கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: காப்பகம் பகலில் திறந்திருக்குமா? விதிப்படி 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். ஆனால் காலையில் எல்லோரையும் வெளியேற்றிப் பூட்டிவிட்டு மாலையில் திறக்கும் காப்பகங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வெளியேற்றப்படும், வேலை கிடைக்காத அல்லது உடம்பு முடியாத மனிதர் நிழல் தேடி நூலகத்துக்குத்தான் போவார். நாளிதழ்ப் பகுதியில் உட்கார்ந்தபடியே தூங்குவார், நூலகக் கழிப்பறையில் துணி அலசுவார். அவரை எழுப்புவதா விடுவதா என்று தவிப்பவர், புத்தகப் பதிவையும் வாசகர்களையும் ஏற்கெனவே தனி ஆளாகக் கவனித்துவரும் நூலகர். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் இதற்கென்றே 2009-இல் ஒரு சமூகப் பணியாளரை நியமித்தது. நம் கிளை நூலகத்தில் அதற்கு வழியில்லை என்றால், பகலில் தங்கும் கூடம், குளியலறை, துணி துவைக்கும் இடம், பூட்டுள்ள பெட்டி, கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதி எல்லாம் காப்பகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒருவருக்கு 50 சதுர அடி என்ற அளவைக் குறைத்துக் கூடுதல் ஆட்களை அடைக்கவும் விடாதீர்கள். நெரிசல்தான் சண்டைக்கு முதல் காரணம்.

தூங்குபவரைப் படமெடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தண்ணீர் ஊற்றி விரட்டாதீர்கள். இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். அழைக்க வேண்டிய எண்கள் இவை: ஆதரவற்ற முதியவரைக் கண்டால் 14567, தனியாக நிற்கும் குழந்தை என்றால் 1098, உதவி தேவைப்படும் பெண் என்றால் 181, காயமோ மயக்கமோ என்றால் 108. மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும் கடமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் காவல் நிலையப் பொறுப்பாளருக்குத் தந்திருக்கிறது. அங்கே சொல்லுங்கள், நீங்களே இழுத்துச் செல்ல முயல வேண்டாம்.

வாசகர் வட்டத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்ப் பகுதிக்கு வர உறுப்பினர் அட்டை தேவையில்லை என்பதால், சுவரோரம் படுப்பவர்களில் சிலர் பகலில் உங்கள் பக்கத்து நாற்காலியில் நெடுநாளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துச் செல்ல முகவரிச் சான்று கேட்பதால் உறுப்பினராக முடியாமல் நிற்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழை வைத்து ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்ததும் நூலக உறுப்பினர் படிவத்தை நிரப்ப அவர்களுக்கு உங்களில் ஒருவர் உதவ வேண்டும்.