ராடாரில் மட்டும் வந்த கப்பல் படை

ஜூன் மாதம் வந்தாலே, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியது பற்றிய பேச்சும் வந்துவிடும். இந்த முறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 1944 ஜூன் 5 இரவில், தரையிறங்கல் வேறு இடத்தில் என்று எதிரியை நம்பவைக்க, இல்லாத கப்பல் படை ஒன்றை விமானங்களைக் கொண்டே ஜெர்மானிய ராடாரில் காட்டினார்களாமே, மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் எப்படிக் கப்பலாகத் தெரியும்?

தெரிந்தது விமானம் அல்ல, அது கொட்டிய ஜிகினா. அலுமினியம் ஒட்டிய காகிதக் கீற்றுகள்தான் அவை. பிரிட்டிஷார் இதற்கு வைத்த ரகசியப் பெயர் ‘விண்டோ’. ராடார் அலையின் நீளத்தில் பாதி அளவுக்குக் கீற்றை வெட்டினால், அந்த அலைக்கு அது ஒத்ததிர்ந்து தன் பருமனுக்குப் பொருந்தாத அளவு வலுவாக எதிரொளிக்கும். கடலைக் கண்காணித்த ஜெர்மானிய ‘ஜேடாக்ட்’ ராடாரின் அலைநீளம் சுமார் 80 செ.மீ. என்பதால், அதற்கு ஏற்ற கீற்றின் நீளம் ஏறக்குறைய 40 செ.மீ. காற்றில் எல்லாத் திசையிலும் புரண்டு விழும் ஒரு கீற்றின் சராசரி எதிரொளிப்புப் பரப்பு (ராடாருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதன் அளவு), அலைநீள வர்க்கத்தின் 0.15 மடங்கு. அதாவது ஒரு கீற்றுக்கு 0.1 சதுர மீட்டர். ஆயிரம் கீற்று சேர்ந்தால் 100 சதுர மீட்டர். ஒரு கப்பலின் கணக்கை எட்ட எத்தனை கட்டு வேண்டும் என்பது அதன்பின் வெறும் பெருக்கல்தான்.

கீற்றைக் கொட்டுவது எளிது. அந்த மேகத்தைக் கப்பலின் வேகத்தில் நகர்த்துவதுதான் கடினம். இதற்குப் பிரிட்டிஷ் விஞ்ஞானி ராபர்ட் காக்பர்னின் குழு கண்ட வழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ராடாரின் கண் எவ்வளவு மங்கல் என்பதிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். ராடார் விட்டு விட்டு அனுப்பும் அலைத் துடிப்பு 3 மைக்ரோ நொடி நீளம் என்றால், 450 மீட்டருக்குள் முன்பின்னாக இருக்கும் இரு பொருள்களை அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. அலைக் கற்றை 10 பாகை விரிந்தது என்று வைத்துக்கொண்டால், 16 கிலோமீட்டர் தொலைவில் பக்கவாட்டில் 2.8 கிலோமீட்டருக்குள் இருப்பதெல்லாம் ஒரே புள்ளி. விமானம் நொடிக்கு 80 மீட்டர் போகிறது. 5 நொடிக்கு ஒரு கட்டு போட்டால் இடைவெளி 400 மீட்டர். திரையில் ஓட்டை தெரியாது.

அடுத்தது நகர்வு. விமானங்கள் நீள்வட்டமாகச் சுற்றின. பிரெஞ்சுக் கரையை நோக்கிச் சுமார் இரண்டரை நிமிடம் நேராகப் பறத்தல், திரும்புதல், 2 நிமிடம் 10 நொடி பின்னால் வருதல், மறுபடி திரும்புதல். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7 நிமிடம். முன்னால் போவதில் 20 நொடி கூடுதல். நிமிடத்துக்கு 3 மைல் வேகத்தில் அது ஒரு மைல். ஆக, 7 நிமிடத்துக்கு ஒரு மைல் வீதம் மேகம் கரையை நெருங்கும். மணிக்கு எட்டு மைலுக்குச் சற்றுக் கூடுதல். தரையிறங்கு கப்பல்களின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்! பழைய கீற்றுகள் கடலில் விழுந்து முடிவதற்குள் அடுத்த சுற்றின் கீற்றுகள் சற்று முன்னால் வந்து நிரம்பிவிடும்.

லெனார்ட் செஷயர் தலைமையில் 617ஆம் ஸ்குவாட்ரனின் 16 லான்காஸ்டர் விமானங்கள், எட்டு எட்டாக முறை மாற்றி, பிரெஞ்சுத் துறைமுகமான ல ஹாவ்ருக்கு வடக்கே உள்ள அந்திஃபேர் முனையை நோக்கி இதைச் செய்தன. இன்னொரு பிரெஞ்சுத் துறைமுகமான புலோன் பக்கம் 218ஆம் ஸ்குவாட்ரனின் 6 ஸ்டர்லிங் விமானங்கள். கீழே ராடார் எதிரொளிப்பான் வைத்த பலூன்களை இழுத்துக்கொண்டு சிறு படகுகளும் சென்றன.

பிழைக்கு இடமே இல்லாத வேலை இது. ஒரு விமானி பத்து நொடி தாமதமாகத் திரும்பினால் அவருடைய வரிசை 800 மீட்டர் தள்ளிப்போகும். கீற்றுகள் காற்றோடு போகும் என்பதால், காற்று மாறினால் முழுப் ‘படையும்’ பக்கவாட்டில் நழுவும். முதல் எட்டு விலகி அடுத்த எட்டு வரும்போது ஒரு சுற்று தவறினாலும் கப்பல்கள் திரையிலிருந்து மறைந்துவிடும். இன்னொன்று, ஜேடாக்ட் தொலைவையும் திசையையும் மட்டுமே அளக்கும், உயரத்தை அளக்காது. அளந்திருந்தால் 3,000 அடி உயரத்தில் மிதக்கும் கப்பல் அப்போதே அம்பலமாகியிருக்கும்.

பலன் இரு இடத்திலும் ஒன்றாக இல்லை. புலோன் பக்கம் ஜெர்மானியர் விளக்கடித்தார்கள், சுட்டார்கள், படகுகளை அனுப்பினார்கள். அந்திஃபேர் பக்கம் பெரிய அசைவில்லை. ஏமாற்றப்பட வேண்டிய ராடாரும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது இந்தக் கலையின் விசித்திரமான நிபந்தனை. கரையோர நிலையங்களை முன்கூட்டியே குண்டு வீசி நொறுக்கியபோதும், சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவைத்தது அதனால்தான்.

கீற்றின் வடிவத்தைச் சோதித்து உருவாக்கியதில் முக்கியப் பங்கு ஜோன் கரன் என்ற இயற்பியலாளருடையது. கேம்பிரிட்ஜில் இயற்பியல் தேறியும், பெண் என்பதால் அவருக்குப் பட்டம் தர அன்றைய விதி இடம் கொடுக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய விதி அது.

இன்றைய ராடார்கள் டாப்ளர் பெயர்ச்சியால், அதாவது நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதை வைத்து, வேகத்தையும் அளப்பதால், காற்றில் மிதக்கும் கீற்றை எளிதில் ஒதுக்கிவிடுகின்றன. மணிக்கணக்கில் ஏமாற்றுவது போய், பாய்ந்து வரும் ஏவுகணையைச் சில நொடிகள் திசை திருப்பவே இப்போது இது பயன்படுகிறது. காகிதத்துக்குப் பதில் அலுமினியம் பூசிய மெல்லிய கண்ணாடி இழை. நம் கடற்படைக்காக ஜோத்பூரில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம் உருவாக்கிய இத்தகைய ராக்கெட்டுகள் 2021இல் அறிவிக்கப்பட்டன. ஏவுகணைக்குக் கிடைக்கும் கவனத்தில் கொஞ்சமாவது இந்த இழைப் பூச்சு ஆய்வுக்கும் நிதியாக வர வேண்டும் என்பேன். பூச்சு சரியில்லாமல் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஆயிரம் இழைகள் வெடித்துச் சிதறியும் ராடாருக்குச் சில நூறுதான் தெரியும்.